ஐலேசா என்று மூச்சு விட்டவன்

பஜாரில் தலைச்சுமைக்காரனாக இறங்கியவன் நான். அப்புறம் சொந்தமாகச் சாக்குக்கடை வைத்தேன். இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியில் மாடிவீடு எழுப்பினேன். மகளைக் கல்லூரிக்கு அனுப்பினேன். நான்காம் வகுப்போடு நின்றவனால் ஆகிற காரியமா என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் கட்டிக்கொண்டே இருந்தேன். இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு, அதை யாரும் சேர்ப்பதில்லை. இந்தக் குடும்பத்துக்குள் தினமும் யோகா செய்கிற வழக்கத்தைக் கொண்டுவந்ததும் நான்தான்.

இன்று காலை மாடியில் என் மகள் நசீமாவின் யோகா வகுப்பு. நான் கீழே முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே எல்லாரும் ஒன்றாக "ஆ..." என்று நீளமாக மூச்சு விட்டார்கள். இப்படிச் சத்தத்தோடு மூச்சு விடுவது தன் அம்மா கண்டுபிடித்த வழி என்று நசீமா அவர்களுக்குச் சொன்னாள். தைலம் தேய்த்த கை அப்படியே நின்றுவிட்டது.

முன்பெல்லாம் இந்தத் தைலம் கழுத்துக்கு. மூட்டை சுமந்து சுமந்து கழுத்து திரும்பாமல் போய், யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்புவேன். பெரிய மனுஷன் தோரணை என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு, நானும் மறுக்கவில்லை. இனிச் சுமை தூக்காதே, யோகா செய் என்றார் டாக்டர். பக்கத்துப் பள்ளுருத்தியில் வாத்தியார் ஒருவர், மாஷ் என்போம், சொல்லிக்கொடுத்தார். கையைத் தூக்கினால் எனக்கு மூச்சு தானாக நின்றுவிடும். சுமைக்காரனுக்கு அதுதான் பழக்கம். மூச்சைப் பிடித்தால்தான் மூட்டை எழும்பும், இறக்கின பிறகுதான் மூச்சு.

"இக்கா, ஸ்வாசம் விடூ!" என்று மாஷ் கத்துவார். இக்கா என்றால் இங்கே அண்ணன். நான் கண் பிதுங்க நிற்பேன்.

வீட்டில் செய்து பழகு என்று அனுப்பிவிட்டார். அப்போது குடியிருந்த சின்ன வீட்டில் அடுக்களைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாக்கு விரிக்கிற இடம்தான் இருந்தது. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து அதில் பாம்பு ஆசனத்துக்குக் குப்புறப் படுப்பேன். சாக்கில் சுக்குப்பொடி. தலையைத் தூக்கினால் தும்மல். என் மனைவி சுலைகா அடுப்படியிலிருந்து, "என்னங்க, உங்க பாம்புக்கு ஜலதோஷமா?" என்பாள். மழைக்காலத்தில் அந்தச் சாக்கு காயவே காயாது. உடம்பு அலுத்து வரும் நாட்களில் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளத் தோன்றும். "முடிச்சாத்தான் சாயா," என்று அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அந்தச் சாயாவுக்காகவே எழுந்த நாட்கள் உண்டு, அதை மறைக்கவில்லை.

ஒருநாள் கையை இறக்கும்போது, பஜாரில் மூட்டை இறக்குகிற ஞாபகத்தில் "ஐலேசா!" என்று கத்திவிட்டேன். மூச்சு முழுக்க வெளியே போயிற்று. கழுத்தில் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆசனத்துக்கும் ஐலேசாதான். பக்கத்து வீட்டுச் சேச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "எந்தா இக்கா, வீட்டிலும் லோடு இறக்கலோ?" என்று கேட்டாள்.

மானம் போகிறது என்று சுலைகா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டு, அவளும் ஒரு சாக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தாள். "ஊரக் கூட்டாதீங்க. இப்படி விடுங்க," என்று என் ஐலேசாவைத் தேய்த்துத் தேய்த்து ஒரு நீள "ஆ" ஆக்கினாள். சின்னப்பிள்ளையாக இருந்த நசீமா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து படுத்துக்கொண்டு அதையே சொல்வாள்.

வகுப்பு முடிந்து இறங்கி வந்தவளிடம் கேட்டேன்.

"உங்கம்மாவா கண்டுபிடிச்சா?"

"பின்னே யாரு அத்தா?"

"நான்தானே முதல்ல விட்டேன்."

"நீங்க கத்தினீங்க. அம்மாதான் அதை மூச்சாக்கினாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா ஜாடை. என்னால் சண்டைபோட முடியவில்லை. வாதாடவும் தெம்பு வேண்டுமே.

இப்போது எனக்குச் சம்மணம் கூடப் போட வருவதில்லை. பஜாரில் நாங்கள் மூட்டை இறக்கிய பாண்டிகசாலைக் கிடங்குகளில் பாதி, வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கிற இடமாகிவிட்டன. மேலே நிற்பவன் ஒரு சொல் எடுக்க, கீழே நாங்கள் அத்தனை பேரும் ஐலேசா போடுவோமே, அந்தக் குரல் எதுவும் இப்போது இல்லை. கூடச் சுமந்தவர்களும் இல்லை. நான் சொல்வது உண்மை என்று சாட்சி சொல்ல சுலைகா ஒருத்தி இருந்தாள், அவளும் போய்விட்டாள். அந்தச் சத்தத்தில் மிச்சம் இருப்பது மாடியில் விடுகிற அந்த மூச்சு மட்டும்தான். அதை விடுகிறவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

அதனால் நசீமாவுக்கு இதை எழுதியே சொல்கிறேன். அம்மா பேரை முதலில் சொல், அது நியாயம். அதோடு நிறுத்தாதே. எங்க அத்தா மூட்டை சுமந்தவர், அவர் போட்ட ஐலேசாதான் இது என்று, நான் இருக்கும்போதே, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும்.