தோணிக்குக் கட்டார்ச் சட்டம்

“…அப்ப என்ட தோணிய நான் திருப்பிக் கேக்கிறதுக்குக் கட்டாருக்குப் போகணுமா மனே? எனக்குப் பாஸ்போட்டே இல்லியே.”

கேட்ட அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஆரையம்பதி வாவிக்கரையில், கண்ணா மரத்தில் கட்டிக் கிடந்த தன் தோணிக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கேட்டார். அவர் கையில் ஒப்பந்தத்தின் ஒரு பிரதி. அது தோணியை எடுத்து ஓட்டுகிறவரின் கரை; அவர் கையில் மற்றப் பிரதி. இரண்டையும் அடித்துக் கொடுத்தவன் நான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றேன்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட எனக்கொரு சிறிய கடை. போட்டோக் கொப்பி, டைப்பிங், படிவம் நிரப்புதல். சட்டம் படித்தவன் இல்லை, நாலு கடிதத்தைப் பார்த்து ஐந்தாவதை எழுதப் பழகியவன். ஆட்கள் வாயால் சொல்வதைத் தாளில் இறக்கும் இந்த வேலையில், அவர்கள் சொல்லும் விதத்தைக் கேட்பதே எனக்குப் பாதிச் சம்பளம்.

போன வருடம் இந்த அம்மாவும் அந்த மனிதரும் ஒன்றாகத்தான் கடைக்கு வந்தார்கள். புருஷன் செத்தபின் தோணி சும்மா கிடக்கிறது, இந்தத் தம்பி ஓட்டட்டும், படுகிற மீனில் எனக்கொரு பங்கு தரட்டும் என்றார். “கேட்டா ஒரு கிழமையில தோணி என்ட கரைக்கு வந்திரணும்” என்றார். “வரும் மாமி” என்றார் அவர். பேச்சு அவ்வளவுதான். பிறகு அம்மா சொன்னார்: “நானும் மறந்துபோற ஆள், தம்பியும் மறந்துபோற ஆள். தாளுக்கு மறதி வராதுதானே. ஒண்டு அடிச்சுத் தா மனே.”

ஒப்பந்தம் என்றால் எப்படித் தொடங்குவது? கொம்பியூட்டரில் தேடினேன். அந்த மனிதர் முன்பு கட்டாரில் லொறி ஓட்டப் போனபோது நான் தமிழில் அடித்துக் கொடுத்த வேலை ஒப்பந்தம் அப்படியே கிடந்தது. முதலாம் தரப்பு, இரண்டாம் தரப்பு என்று எடுப்பாக இருந்தது. கம்பனி இருந்த இடத்தில் அம்மாவை வைத்தேன். லொறி இருந்த இடமெல்லாம் தோணியை வைத்தேன். முதல் பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது எனக்குப் பசி. “இது வழக்கமா எல்லாத்திலயும் இரிக்கிறது” என்றேன். இருவரும் ஒப்பம் வைத்தார்கள்.

அந்த வழக்கமானதில் இரண்டு வரிகள் இருந்தன. விலக விரும்பும் தரப்பு மூன்று மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. இவ்வொப்பந்தம் கட்டார் நாட்டுச் சட்டங்களால் ஆளப்படும், பிணக்குகள் அந்நாட்டு நீதிமன்றத்திலேயே தீர்க்கப்படும் என்பது மற்றது. ஒரு கிழமை என்ற பேச்சு எங்குமே இல்லை.

இப்போது அம்மாவின் மகளுக்குச் சம்பந்தம் பேசியாகிவிட்டது. வீடும் தோணியும் பெண்ணுக்கு என்று பேச்சு. மாப்பிள்ளை வாவியில் தொழில் செய்கிறவர். அவருடைய ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, “தோணி உங்கட கரைக்கு வரட்டும், மறுகா கலியாணத்துக்கு நாள் வைப்பம்” என்று எழும்பிப் போய்விட்டார்கள். அம்மா தோணியைக் கேட்டார். கேட்டு மூன்று கிழமை. தோணி வரவில்லை. தாளைக் காட்டிய பதில்தான் வந்தது.

கரைக்கு வருவதற்கு முதல் நாள், கொப்பி எடுக்க வந்த ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுப் பார்த்தேன். “ரெண்டு பேரும் விரும்பி ஒப்பம் வச்சா, அவங்களுக்குள்ள அதுதான் சட்டம்” என்றார்.

“அப்ப கட்டார்ச் சட்டமா சேர்?”

“அப்பிடியும் சொல்லேலாது. வாவித் தோணிக்கும் கட்டாருக்கும் என்ன தொடர்பெண்டு இங்கத்தக் கோட்டில நீதிபதி கேப்பார்.”

“அப்ப இல்லையா?”

“இல்லையெண்டும் அடிச்சுச் சொல்லேலாது.” கொப்பிகளை எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு முதலில் இருந்த தெளிவும் போய்விட்டது.

தோணிக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. இறால் படுகிற காலம். தோணி போனால் அவர் வீட்டு அடுப்புக்கும் வழி இல்லை. இருந்தும் கரையில் அவர் அதைச் சொல்லவில்லை. “மாமி, உங்கள ஏமாத்த எனக்கு மனமில்ல. ஆனா தாளில மூண்டு மாசம் எண்டு இரிக்கு. கட்டார்ச் சட்டம் எண்டும் இரிக்கு. அங்க ஒப்பம் வச்சா வச்சதுதான். இடையில விட்டுப்போட்டு வந்தவன் பட்ட பாட்ட நான் கண்ணால கண்டவன்” என்றார்.

“இது கட்டார் இல்லையே” என்றேன்.

“அப்ப ஏன் போட்டீங்க? நான் ஆறு வருசம் அங்க இரிந்தவன், எனக்கு இனி அந்தச் சட்டம்தான் எண்டு யோசிச்சுப் போட்டிருக்கீங்க எண்டெல்லோ நான் நினைச்சன்.”

“எனக்கு?” என்றார் அம்மா.

“உங்களுக்கும்தான் மாமி. ஒரே தாள்தானே.”

நான் தாளைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். சட்டம் மண்ணிலிருந்து வருகிறது என்றால் நாங்கள் நின்றது ஆரையம்பதிச் சேற்றில். தாளிலிருந்து வருகிறது என்றால், அதை எழுதியது கட்டாரும் இல்லை, இவர்களும் இல்லை. அழிக்க மறந்த நான். பசியில் ஒருவன் விட்டுவிட்ட வரி இரண்டு குடும்பத்தை ஆளுமா? ஆளாது என்றால், கவனமாக அடித்த முதல் பக்கம் மட்டும் எப்படி ஆளும்? “பிழை என்னில” என்றேன். “பிழையெண்டா அழிக்கேலுமா?” என்று தோணிக்காரர் உண்மையாகவே கேட்டார். ஒப்பம் வைத்த தாளில் நான் தனியாக எதை அழிப்பது? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அம்மா பாஸ்போட்டைப் பற்றிக் கேட்டார்.

பிறகு சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தோணியில் ஏறினார். தோணிக்காரரின் வலையை எடுத்து, சிக்கு விழாமல் மடித்து, கொண்டுவந்து புல்லில் வைத்தார். சோற்றுப் பெட்டியையும் தொப்பியையும் பக்கத்தில் வைத்தார். தன் பிரதியை நாலாக மடித்து, காற்றில் பறக்காதபடி வலையின் ஈயக் குண்டுகளுக்கு அடியில் செருகினார். கயிற்றை அவிழ்த்துத் திரும்ப ஏறி, கம்பை ஊன்றி, தோணியைத் தன் வீட்டுக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.