மகமையில் நடந்த கல்யாணம்

மாகறலிலிருந்து சித்தப்பா மகன் போன வாரம் ஒரு மூட்டை அரிசி அனுப்பியிருந்தான். பிளாஸ்டிக் பையில் இல்லை, நிஜமான சணல் கோணியில். அதைச் சமையலறை மூலையில் பிரித்துக்கொண்டிருந்தபோது மாடி வீட்டுப் பெண் ஓடி வந்தாள். சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி, படிக்க இடம் கிடைத்துவிட்டதாம். நான் அதே படிப்பைப் படித்து அதே வேலையில் தலை நரைத்தவள் என்பதால் முதலில் என்னிடம் சொல்ல வந்திருக்கிறாள். "பணத்துக்கு என்னம்மா பண்ணப் போறே?" என்று கேட்டுவிட்டு டீ போடத் திரும்பினேன். பால் பொங்குவதற்குள் செல்போனில் எதையோ தட்டி முடித்து, "ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணிட்டேன் ஆன்ட்டி" என்றாள். நான் அடுப்பை அணைக்க மறந்து நின்றேன். பால் வழிந்ததற்கு அவள்தான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையான காரணம் அந்தக் கோணி வாசனை.

சணலும் உமியும் தூசியும் கலந்த வாசனை அது. எனக்கு அது அப்பாவின் சட்டை வாசனை. பெரிய காஞ்சிபுரத்தில் நெல் மண்டிகள் வரிசையாக இருந்த ஒரு தெருவில் அப்பா மூட்டை எடை போடுகிற வேலையில் இருந்தார். அவர் வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால் ஒரு கோழிக்கு ஒரு வேளை ஆகாரம் விழும் என்று அம்மா சொல்வாள். பட்டு ஊர் பட்டு ஊர் என்று உலகமே சொல்லட்டும். எங்கள் வீட்டில் பட்டு என்பது பக்கத்துத் தெருவிலிருந்து கேட்கும் தறிச் சத்தம் மட்டும்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பி.ஏ. கடைசி வருஷத்தில் இருந்தபோது மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாள் எங்கள் கல்லூரிக்குப் பேச வந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கஷ்டத்தைக் கேட்டு, வீட்டாரோடு பேசி, ஒரு வழி சொல்வது தன் வேலை என்றார். அதற்குச் சம்பளமும் உண்டு என்றார். பேசுவதற்குச் சம்பளமா! வகுப்பில் பேசியதற்காக வெளியே நிற்கவைக்கப்பட்டே வளர்ந்தவள் நான். எனக்கென்றே செய்த வேலை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். விண்ணப்பம் போட்டேன், நேர்காணலில் அவர்கள் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்னேன், இடம் கிடைத்துவிட்டது. மதிப்பெண்ணைப் பார்த்து ஃபீஸில் பாதியைத் தள்ளுபடியும் செய்தார்கள். மீதிப் பாதியை அப்பா எப்படியாவது புரட்டிவிடுவார். ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும், புஸ்தகத்துக்கும், களப்பணி என்று தினமும் ஊர் சுற்றுகிற பஸ்ஸுக்கும்தான் வழியில்லை. கல்லூரி திறக்கிற நாளில் வந்து சேராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் பெண் பார்க்க வந்துவிடுவார்கள் என்பது அவர்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

அரசாங்கத்தில் கடன் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. படித்து வேலைக்குப் போய் மெல்ல அடைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிலம் வைத்திருக்கிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் சொந்தத்தில் நிலம் வைத்திருந்தவர் மாகறல் சித்தப்பா ஒருவர்தான். அப்பாவும் நானும் போனோம். சித்தப்பா கழனியிலிருந்து வந்து கால் கழுவி, முழுசாகக் கேட்டு, ஆளுக்கு ஒரு சொம்பு மோரும் கொடுத்தார்.

"படிக்கட்டும், நான் வேணாங்கல. கையெழுத்து மட்டும் கேக்காதபா. கழனி என் பேர்ல இருக்கறதுக்கே எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மோர் நன்றாக இருந்ததுகூடக் கோபமாக இருந்தது. அவர் மகன் அனுப்புகிற அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டு இன்னும் கோபத்தைக் காப்பாற்ற முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு ஒரு மில். படிப்புச் செலவைத் தாங்களே ஏற்று, முடித்ததும் தொழிலாளர் நல அதிகாரியாக எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லிப் போனோம். மேனேஜர், "நைட் ஷிஃப்டுக்கு வர முடியுமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். நான் முடியும் என்றேன். அப்பாவின் முகம் முடியாது என்றது. மேனேஜர் முகத்தைத்தான் எடுத்துக்கொண்டார். திரும்புகிற பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. வாயாடிப் பெண் பேசாமல் வந்தால் பெற்றவனுக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று அப்பா பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தில்தான் மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு மகமைக் கமிட்டியில் போய் நின்றார்.

மகமை என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு பைசா என்று மண்டிக்காரர்கள் தாங்களாகவே எடுத்துப் பொதுவில் போட்டு வைப்பார்கள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, யாரும் போடாமல் இருப்பதுமில்லை. அந்தப் பணத்தில் கோயில் உற்சவம் நடக்கும், கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள், மண்டியை நம்பிப் பிழைக்கிற ஏழை வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரையும் உட்காரவைத்து வரவு செலவை உரக்க வாசிப்பார்கள். இந்த மூன்று தலைப்பைத் தவிர நாலாவது தலைப்பில் ஒரு காலணா செலவானதில்லை என்பது அவர்களுக்குப் பெரிய பெருமை.

அதுதான் எனக்கு வினையாக வந்தது. கணக்குப்பிள்ளை கோதண்டம் நல்ல மனுஷர். ஆனால் தலைப்பு மாறினால் அவருக்கு ஜுரம் வந்துவிடும்.

"படிப்புன்னு தலைப்பே இல்லியேபா," என்று அப்பாவிடம் சொன்னார். "நாளைக்குக் கணக்கு வாசிக்கும்போது எதுல வாசிக்கறது? தண்ணிப் பந்தல்லயா?"

தலைவர் என்னைப் பார்த்து, "இன்னா படிப்பும்மா அது?" என்று கேட்டார். நான் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்பத்திரி, அநாதை இல்லம், சேரி, ஜெயில் என்று நான் சொல்லிக்கொண்டே போகப் போக அவர் முகம் இறங்கிக்கொண்டே போனது. "இங்கெல்லாம் போறதுக்கா காசு கட்டிப் படிக்கணும்?" என்றார். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கிளம்பலாம் என்று அதற்கு அர்த்தம்.

அப்போதுதான் ரஹீம் பாய் பேசினார். அவர் காலிக் கோணி வாங்கி விற்கிறவர். மகமையில் அவர் பங்கும் உண்டு, கமிட்டியில் அவரும் ஒருவர். அதுவரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்றே நினைத்திருந்தேன்.

"கோதண்டம், பொண்ணு ஊட்ட உட்டுப் போவுதா இல்லியா?"

"போவுது பாய்."

"பெட்டி படுக்கை வாங்கணுமா? ஊர் மாறுதா? ரெண்டு வருசம் அவங்க ஆக்கிப் போடறத வாய மூடிக்கினு சாப்டணுமா?"

"ஆமா பாய்."

"அப்ப இது ஷாதி இல்லாம வேற இன்னாபா? கல்யாணத்துல எழுது."

கோதண்டம் தலைவரைப் பார்த்தார். தலைவர் மீசையைத் தடவினார். தலைப்பு மாறவில்லை, தர்மமும் கெடவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கல்யாணப் பொண்ணு அழுவது முறைதான் என்று பாய் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் கல்யாணத்தில் எழுதினால் கல்யாண முறைப்படிதான் கொடுப்பார்கள். ரொக்கமாக அள்ளிக் கையில் தருகிற வழக்கம் கிடையாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, கொஞ்சம் பணத்தையும் வைத்து, பெண்ணின் அம்மாவிடம் கொடுப்பார்கள். அதோடு ஒரு அண்டா, ஒரு குடம், மூன்று மூட்டை அரிசி. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு மண்டியில் நெல் ஏலம் முடிந்ததும், ஏலம் கூறுகிறவர் பழக்கதோஷத்தில் உரக்கக் கூவிவிட்டார்: எடை போடுகிற இன்னார் மகளுக்கு மகமையில் கல்யாணத்துக்குக் கொடுத்தாகிவிட்டது!

மண்டித் தெருவில் இன்னொரு வழக்கம் உண்டு. மகமை போன வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரக் காத்திருக்க மாட்டார்கள். பத்திரிகை அடிக்கிற செலவுகூட அந்த வீட்டுக்கு வேண்டாம் என்று, அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்காரர்கள் தாங்களாகவே வந்து மொய் வைத்துவிட்டுப் போவார்கள். இதை அப்பா மறந்தே போனார். வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஆள் வந்து நின்றபோதுதான் நினைவு வந்து, பின்வாசல் வழியாக மண்டிக்கு ஓடிவிட்டார். அம்மா தனியாக மாட்டிக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது புளிக்கடைக்காரர். கையில் ஒரு குத்துவிளக்கு.

"மாப்ள எந்த ஊரும்மா?"

"மெட்ராஸ்," என்றாள் அம்மா. பொய் இல்லை.

"இன்னா வேல?"

"இன்னும் படிப்புதான்பா நடந்துக்கினு இருக்குது."

"படிக்கிற மாப்ளயா! பரவால்லியே!" என்று சொல்லி விளக்கோடு மொய்யும் வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் தவிட்டுக்கடை, மிளகாய் மண்டி, எண்ணெய்க் கடை என்று வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாருக்கும் அம்மா காப்பி கொடுத்தாள், மாப்பிள்ளையின் உயரத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

சாயங்காலம் அப்பா அந்த மொய் முழுவதையும் துண்டில் முடிந்துகொண்டு ரஹீம் பாய் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கோணி அடுக்குகளுக்கு நடுவே பாய் உட்கார்ந்திருந்தார்.

"ஊர ஏமாத்தின மாதிரி இருக்குது பாய். யார் யார்துன்னு பாத்துத் திருப்பிக் குடுத்துடலாம்."

பாய் முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கல்யாண மொய்யத் திருப்பிக் குடுத்தா இன்னா அர்த்தம்பா? கல்யாணம் நின்னுபோச்சுன்னு அர்த்தம். நிக்குதா?"

அந்தத் துண்டு முடிச்சில் இருந்தது என் இரண்டாவது வருஷப் படிப்பு. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அப்பா என் பக்கம் திரும்பினார். மில் மேனேஜருக்குப் பதில் சொன்ன அதே முகம்தான். ஆனால் இந்தத் தடவை அது வேறு பதில் சொன்னது.

"நிக்கல பாய்," என்றார்.

"அப்ப எட்த்துக்கினு போ. மத்தவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் டீக்கடையில் பாய் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிட்டார். தெருவே சிரித்ததாம். யாரும் மொய்யைத் திருப்பிக் கேட்கவில்லை. புளிக்கடைக்காரர் மட்டும் குத்துவிளக்கை வாங்கிக்கொண்டு போனார். பொழுது சாய்வதற்குள் அவர் சம்சாரம் அதே விளக்கை எடுத்துக்கொண்டு வந்து, "அந்த ஆளு பேச்ச உடுமா, நீ போய்ப் படி," என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்படியாக நான் மூன்று மூட்டை அரிசி, அண்டா, குடம், குத்துவிளக்கு சகிதமாக மெட்ராஸில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஹாஸ்டல் பெண்கள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்கள். வார்டன் அம்மாள் அரிசியை மெஸ் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். அண்டாவில் இரண்டு வருஷம் அத்தனை பேருக்கும் வெந்நீர் போட்டார்கள். வகுப்பில், சமூகம் எப்படித் தனிமனிதனைத் தாங்குகிறது என்று பேராசிரியர் பாடம் எடுத்தபோது, எழுதிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்த ஒரே மாணவி நான்தான். அதற்காகவும் வெளியே நின்றேன்.

மண்டிக்குப் போகும்போதெல்லாம், "மாப்ள ஊட்ல ஒழுங்கா சோறு போடறாங்களா?" என்று விசாரிப்பார்கள். வேலை கிடைத்த செய்தியோடு போனபோது மறுவீடு வந்திருக்கிறேன் என்று சொல்லி, தலைவர் எனக்கு வாழை இலை போட்டார். சில வருஷம் கழித்து எனக்கு நிஜமாகவே கல்யாணம் முடிவானது. அப்பா தயங்கித் தயங்கிக் கமிட்டியில் கேட்டிருக்கிறார். ஒரு பெண்ணுக்கு ஒரு கல்யாணம்தான் என்று கோதண்டம் கையை விரித்துவிட்டார். பதிவாளர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டு, வந்தவர்களுக்கு இட்லியும் காப்பியும் கொடுத்தோம். மண்டித் தெரு முழுக்க வந்து, என்னுடைய இரண்டாவது மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனது. எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. கல்யாணச் செலவு என்று எதற்குக் கொடுத்தார்களோ அதற்குத்தான் செலவாகியிருந்தது.

நான் வழி திறந்து வைத்துவிட்டேன் என்று கோதண்டம் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டார். எனக்குப் பிறகு மூட்டை தூக்குகிறவர் மகள் ஒருத்தி நர்சிங்கைக் கட்டிக்கொண்டாள், வண்டிக்காரர் மகள் டீச்சர் டிரெய்னிங்கைக் கட்டிக்கொண்டாள். வருஷக் கணக்கு வாசிக்கும்போது கல்யாணம் இத்தனை என்று அவர் வாசிப்பார். அதில் எத்தனை மாப்பிள்ளை, எத்தனை காலேஜ் என்று கூட்டத்துக்கே தெரியும். தலைப்பு மட்டும் மாறவே இல்லை.

பிறகு மண்டிகள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே போய்விட்டன. கமிட்டி கலைந்து, மீதிப் பணத்தைக் கோயிலுக்குக் கொடுத்தார்களாம். ரஹீம் பாய் இறந்துபோனது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வேலையை அப்படியே விட்டுவிட்டு, என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டு நாள் முன்பு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனவள், மனசு கேட்காமல் அந்தத் தெருவுக்குள் நடந்தேன். இரண்டு பக்கமும் பட்டுக்கடைகள். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் கார்கள். ஒரு கடை விற்பனையாளர் கும்பிட்டு வழிமறித்தார்.

"முகூர்த்தப் பட்டு புதுசா வந்திருக்குதும்மா, உள்ள வாங்க. பொண்ணுக்கா, பேத்திக்கா?"

"ஒண்ணும் வாங்க வரலபா. எனக்கு இந்தத் தெருவுலதான் கல்யாணம் நடந்துச்சு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் மரியாதையாக ஒருமுறை பார்த்தார்.

"இங்க மண்டபம் எதுவும் இருந்த மாதிரி தெரியலியேமா."

நானும் பார்த்தேன். தரையைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். தேடினாலும் ஒரு நெல்மணி கிடைக்காது.

"ஆமாம்பா," என்றேன். "தெரியல."