இரண்டு விரல்

வளைவுக்கு நாற்பது அடி இருக்கும்போதே நர்ஸம்மா வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுவார். இறங்கி, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இறக்கத்தில் மோட்டார் சைக்கிளை உருட்டியபடியே வளைவைக் கடப்பார். ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. உருட்டிக்கொண்டு போகிற வண்டிக்கு ஹார்ன் அடிப்பதையும் விடுவதில்லை. சாலை நேரானதும் மறுபடி ஏறி உட்கார்ந்து, உள்ளங்கைகளை வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்புவார். அப்போது மணி எட்டே கால். எங்கள் சுவர்க்கடிகாரம் மக்கர் பண்ணிய நாட்களில் நான் அவரை வைத்துத்தான் மணி பார்த்தேன்.

நான் அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவன். வளைவின் உட்புறத்தில் என் வீடு. ஜன்னலோரத்தில் என் மேசை. சாலையின் உச்சியில் இருக்கும் சுகாதார நிலையத்திலிருந்து கீழே இறங்கி, வீடு வீடாகப் போய்ப் புண்களுக்குக் கட்டு மாற்றுவது நர்ஸம்மாவின் வேலை. வயது நாற்பத்து மூன்று. தினமும் பதினொரு வீடு. வண்டியின் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதில் பஞ்சு, துணிச்சுருள், கத்தரிக்கோல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன ஸ்கேல். புண்ணை அளக்க அந்த ஸ்கேல். வாரத்துக்கு ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதிக்கொள்வார். சுருங்கியிருந்தால் அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் சிரிப்பு.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவேன். ஒருமுறை பிளேடு என் கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தத்தைப் பார்த்த நான் நாற்காலியோடு சரிந்தேன். என் மனைவி போட்ட கூச்சலில் தெருவில் போய்க்கொண்டிருந்த நர்ஸம்மா உள்ளே வந்தார். விரலைக் கிடுக்கியாகப் பிடித்து அழுத்திக்கொண்டே, "டீ போட்டிருக்கீங்களாக்கா? வாசனை தூக்குதே" என்று கேட்டார். டீ குடித்து முடிக்கிறவரை இடது கை என் விரலை விடவில்லை.

அந்தப் பிடிதான் அவரைக் கீழே தள்ளியது.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை. அப்போதெல்லாம் அவர் இந்த வளைவில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு அழகாகத் திரும்புவார். அன்று வளைவுக்குள் ஒரு மூன்று சக்கர வண்டி நின்றிருந்தது. உள்ளே வந்த பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது. முன் பிரேக்கை நான்கு விரலாலும் இறுக்கிப் பிடித்தார். சாய்ந்திருந்த வண்டியின் முன் சக்கரம் சுழலாமல் நின்றுபோய் ஜல்லியில் வழுக்கியது. நர்ஸம்மா ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். காறை எலும்பு முறிந்தது. விழுந்து கிடந்தபோதும் அவர் வலது கை, அங்கே இல்லாத பிரேக்கைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மேசையை விட்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தெருவே ஓடிவந்த பிறகு கடைசி ஆளாகத்தான் போனேன்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஜல்லி என்னுடையது. மதில் கட்ட வாங்கிக் கொட்டியது. மிச்சம் சாலையில் சிதறிக் கிடந்தது. அந்த மதிலும் லேசுப்பட்டதில்லை. அது எழும்பும் முன்பு மேலிருந்து பார்த்தால் வளைவின் மறுமுனை தெரியும். தெருக்காரர்கள் என் ஜன்னலை எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஓர் ஆள் உயரத்துக்கு எழுப்பினேன். இப்போது உள்ளே நுழைகிறவரை எதுவும் தெரியாது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று சாயங்காலம், திருடனைப் போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஜல்லியைக் கூட்டி அள்ளினேன். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியவர் வளைவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். இது ஒன்றில் மட்டுமல்ல, கீழே உள்ள மற்ற நான்கிலும்தான். "எங்க ஆபீஸ்ல எனக்குத் தள்ளுவண்டின்னு பேர் வச்சிருக்காங்க சார்," என்று அவரே சொல்லிச் சிரித்தார். எங்கள் கேட்டில் நின்று தண்ணீர் குடிப்பது அவர் வழக்கம். சிரித்து முடித்ததும் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "பயம் சார். வேற ஒண்ணும் இல்ல. வளைவு தெரிஞ்ச உடனே வயித்துக்குள்ள யாரோ ஈரத்துணி பிழியுறாங்க. நாக்கு மேல ஒட்டிக்குது."

அப்படி உருட்டுவதில் தினமும் முக்கால் மணி நேரம் போயிற்று. பன்னிரண்டு மணிக்கு அவர் நிலையத்தில் இருந்தாக வேண்டும். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது கடைசி வீடு விடுபட்டது. கடைசி வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். குதிகாலில் ஆறாத சர்க்கரைப் புண். நர்ஸம்மா விழுவதற்கு முன்னால் அது ஐந்து சென்டிமீட்டரிலிருந்து இரண்டுக்கு வந்திருந்தது. அவர் படுத்திருந்த ஆறு வாரத்தில் ஆளுக்கொரு நாளாக யார் யாரோ வந்து கட்டினார்கள், நாலரை ஆகிவிட்டது. திரும்பி வந்து மூன்றுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு ஸ்கேல் நகரவில்லை. இன்னொரு தடவை பெருகினால் பாதத்தை எடுக்கவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாத்தியார் அதற்கும் ஒரு படம் வரைந்து காட்டினாராம், ஒற்றைச் செருப்போடு தன்னையே.

"எனக்குச் சிரிப்பே வரல சார்," என்றார் நர்ஸம்மா.

சுகாதார நிலையத்தின் மேற்பார்வை அம்மாள் கண்டிப்பானவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் தானே பின் சீட்டில் உட்கார்ந்து வருவதாகச் சொல்லிவிட்டார். ஐந்து வளைவையும் இறங்காமல் ஓட்டினால் இந்தப் பதினொரு வீட்டுச் சுற்று நர்ஸம்மாவுக்கு. இல்லாவிட்டால் அவருக்கு ஸ்டோர் ரூம், பஞ்சுச் சுருள் எண்ணும் வேலை. சுற்று மறுபடியும் ஆளுக்கொரு நாள்காரர்களிடம் போய்விடும். அதற்கு என்ன அர்த்தம் என்று வாத்தியாரின் குதிகாலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இருந்தது மூன்று வாரம். கற்றுக்கொடுக்க முன்வந்தவர் அவருடைய நாத்தனார். "நாத்தனார் கையில உயிரைக் குடுத்திருக்கேன், என் தைரியத்தைப் பாருங்க," என்று நர்ஸம்மா என் மனைவியிடம் சொன்னார். அந்தப் பெண் ஒரு பார்சல் கம்பெனியில் புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தருகிறவர். அண்ணனைத் திட்டுவதுபோலவே அண்ணியையும் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனியின் காலி முற்றத்தில் பயிற்சி.

என்னையும் வரச்சொன்னார் நர்ஸம்மா. "நீங்க சும்மா வந்து நில்லுங்க சார். வெளியாள் பாத்தா எனக்கு வெட்கம் வரும். வெட்கம் வந்தா பயம் கொஞ்சம் குறையுது." மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. போனேன்.

முற்றத்தில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம். அதன் மேல் பத்தடிக்கு ஒரு காலி மருந்துப் பாட்டில். வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாத்தனார் கைதட்டினால் பிரேக் பிடித்து விழாமல் நிற்க வேண்டும். முதல் கைதட்டலுக்கே நர்ஸம்மா நான்கு விரலாலும் கவ்வினார். வண்டி தொப்பென்று சாய்ந்தது. நடக்கிற வேகம்தான், காயம் இல்லை. ஆனால் எழுந்து நின்றவருக்கு உதடு வெளுத்திருந்தது.

"அண்ணி, வேகத்தைக் குறைக்கிற வேலையெல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும். நேரா இருக்கும்போதே குறைச்சிட்டு உள்ள போங்க."

"குறைச்சிட்டுத்தான் போறேன்னு வையி. உள்ள போனப்புறம் எதிர்ல ஏதாவது நின்னா?"

"அப்பதான் இந்தக் கைதட்டல். சாஞ்ச வண்டியில டயர் ஏற்கனவே ரெண்டு கையிலயும் சாமான் தூக்கிட்டு நிக்குது. அது தலையில ஒரே போடா மூட்டையைப் போட்டா என்ன ஆகும்? ரெண்டு விரல் மட்டும் வைங்க. மெதுவா ஆரம்பிங்க. பின் பிரேக்கையும் கொஞ்சமா சேர்த்துக்குங்க. வேகம் குறையக் குறைய வண்டியை நிமித்துங்க. நிமிர நிமிர அழுத்தத்தைக் கூட்டுங்க. நேரா நின்னப்புறம் முழு பலத்தோட பிடிங்க, யார் வேணாங்கறா?"

"என் கை கேக்க மாட்டேங்குதே! இருபது வருஷமா ரத்தத்தைப் பாத்தா அழுத்திப் பிடிச்ச கை இது. பயந்தா பிடிக்கும். பிடிச்சா விடாது."

நாத்தனார் கொஞ்ச நேரம் அண்ணியின் கையைப் பார்த்தார். "நரம்புல மருந்து ஏத்துறப்போ இப்படித்தான் அமுக்குவீங்களா?"

"ஐயையோ! ஆள் போயிடுவாங்க. மெதுவா, மூஞ்சியைப் பாத்துக்கிட்டே ஏத்தணும்."

"ஊசியைப் பாக்க மாட்டீங்களா?"

"அதை ஏன் பாக்கணும்? அது கைக்குத் தெரியும்."

"அப்ப இங்கயும் ஊசி போடுங்க. பாட்டிலைப் பாக்காதீங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க."

அன்று அதற்குப் பிறகும் இரண்டு முறை விழுந்தார். அடுத்த ஞாயிறு ஒருமுறை. மூன்றாவது ஞாயிறு விழவில்லை. ஆனால் ஒவ்வொரு கைதட்டலுக்கும் கண்ணை மூடிக்கொண்டார், அதற்கு வேறு திட்டு வாங்கினார். நடுவே வார நாட்களில் அவரைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பாவமாகவும் இருக்கும். கேட்டில் நின்று பேசும்போது கம்பியை இரண்டு விரலால் பிடித்து, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று மெல்ல அழுத்திக்கொண்டிருப்பார். டம்ளரையும் அப்படியே, குடைக் கைப்பிடியையும் அப்படியே. பற்பசை ட்யூபை அவர் பிதுக்குவதைப் பார்த்தால் அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று கணவர் குதிக்கிறாராம். வண்டியின் பெட்ரோல் டேங்கில் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் "மூஞ்சியைப் பார்" என்று எழுதியிருந்தார். ஆனால் வளைவில் மட்டும் இறங்கித்தான் நடந்தார். மாதக் கடைசிக்கு முந்தைய நாளும் நடந்தார்.

அன்று போகும்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என் ஜன்னலைப் பார்த்து, "நாளைக்கு எட்டே காலுக்கு சார்," என்றார். அவர் குரல் எனக்கு அன்னியமாகக் கேட்டது.

மறுநாள் காலை எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒரே பக்கத்தை நான்கு முறை திருத்தினேன். எட்டு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வளைவில் மணல் கிடப்பதுபோல் தெரிந்தது. மணலோ, என் கண்ணோ. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். வளைவின் உள்ளோரம், மதிலை ஒட்டி, குனிந்து கூட்டினேன். ஜல்லி அள்ளிய அன்று கூட்டியதைவிட நன்றாகக் கூட்டினேன். எட்டே காலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மேற்பார்வை அம்மாள் எதற்கும் பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்புகிறவர் என்பது எனக்குத் தெரியாது.

இன்ஜின் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். மதில் முனையிலிருந்து வண்டி சாய்ந்தபடி வெளிப்பட்டது. நர்ஸம்மா, அவர் தோளுக்கு மேல் இன்னொரு ஹெல்மெட். அவர் போகவேண்டிய பாதையின் நட்டநடுவில் துடைப்பத்தோடு நான். அவருக்கு வழியில்லாமல் செய்ய என் மதில் போதாதென்று நானே வந்து நின்றிருக்கிறேன் என்பது அந்த ஒரு கணத்தில் எனக்கு உறைத்தது. ஓடவேண்டும் என்று தோன்றியது. கால் வரவில்லை.

அவர் கண்கள் என் மேல் பட்டன. உடனே என்னை விட்டுவிட்டு, எனக்கு வலப்புறம் காலியாகக் கிடந்த சாலைக்குப் போயின. வலது கையில் இரண்டு விரல்கள் நீண்டு லீவரில் படிந்தன. அவர் உதடு அசைந்தது. ஒண்ணு. வண்டி முனகியது. ரெண்டு. சாய்ந்திருந்தது கொஞ்சம் நிமிர்ந்தது. மூணு. முழுக்க நிமிர்ந்து, முன்பக்கம் ஒருமுறை அமிழ்ந்து எழுந்து, எனக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. பின் சீட்டில் மேற்பார்வை அம்மாளின் பை முன்னால் சரிந்து வந்து, திரும்பவும் அவர் மடியில் விழுந்தது. வேறு எதுவும் விழவில்லை.

நர்ஸம்மா லீவரிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். இன்ஜினை அணைத்து, இடது காலால் ஸ்டாண்டைத் தட்டினார். மேற்பார்வை அம்மாள் இறங்க வழிவிட்டு, தானும் இறங்கி என்னிடம் வந்தார். என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி மதிலில் சாய்த்து வைத்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, நாடியில் இரண்டு விரலை வைத்தார்.

"ஜல்லி எங்க வீட்டுது," என்றேன். ஏழு மாதமாகத் தொண்டையில் கிடந்தது அந்த நேரத்தில்தானா வரவேண்டும்? "அன்னிக்கு நீங்க விழுந்தப்போ... அது எங்க வீட்டு ஜல்லி. இந்த மதிலும்—"

"ஜல்லியும் தெரியும், மதிலும் தெரியும். பேசாதீங்க சார், எண்ணிக்கிட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு, நர்ஸம்மா தன் கைக்கடிகாரத்தின் நொடி முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார்.