செருப்பைத் திருப்பி வைத்தது யார்? அரியாலையில் ஒரு படக்காட்சி

போன பிப்ரவரியில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போய் வந்தேன். கோயில், கோட்டை, தீவு என்று போகிறவர்களுக்கு இணையத்தில் ஏகப்பட்ட கட்டுரைகள் கிடக்கின்றன. நான் போனது ஒரு சினிமா பார்க்க. "படம் பார்க்கக் கடல் தாண்டணுமாம்மா?" என்று திருச்சியில் என் வங்கி மேலாளர் கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

கூப்பிட்டது நிரஞ்சினி. அரியாலையில் இருக்கும் பூகோள ஆசிரியை, இணையத்தில் ஒரு சினிமாக் குழுவில் பழக்கம். ஒரு பழைய மிஷன் பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மாதம் ஒரு ஞாயிறு வெளிநாட்டுப் படம் போடுகிறாள். படம் முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும், அவளுக்கு முக்கியம் அதுதான். ஆனால் ஒரு வருடமாக யாரும் பேசவில்லை. "வருகினம், பாக்கினம், எழும்பிப் போகினம். இந்தமுறையும் ஒருத்தரும் வாய் திறக்காட்டி மண்டபத் திறப்பைக் குடுத்திட்டு விடப்போறன். சும்மா படம் காட்டி அனுப்ப நான் என்ன தியேட்டரே வைச்சிருக்கிறன்?" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். திறப்பு என்றால் அங்கே சாவி. கடைசிக் காட்சியாக இருந்தாலும் இருக்கலாம் என்றதும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். சின்ன விமானம், ஜன்னல் ஓரம் கிடைத்தால் தீவுகளைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம். நகரத்துக்கு வேன்காரர் 4,000 ரூபாய் கேட்டார் (எல்லாம் இலங்கை ரூபாய், பதறாதீர்கள்). நான் பேருந்துக்குக் காத்திருந்து ஏறிக்கொண்டேன். நகரத்தில் தங்கும் விடுதி ஓர் இரவுக்கு 5,500, காலையில் இடியப்பமும் சொதியும் அதில் சேர்த்தி. அங்கிருந்து அரியாலை ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 600.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினார்.

"இந்தியாவோ அக்கா? எவடம்?"

"திருச்சி அண்ணே."

"தனியவோ வந்தனீங்கள்? எத்தினை நாள் நிப்பியள்? அரியாலையிலை ஆர் வீட்டை போறியள்?"

ஐந்து கிலோமீட்டருக்குள் என் ஜாதகம் முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. பேச்சுத் துணைக்குக் கேட்கிறாரா, வேறு எதற்கும் கேட்கிறாரா என்று எனக்கு லேசாக உறுத்தியது. பார்க்கப்போகும் படம் அப்படிப்பட்டது, வேறொன்றுமில்லை.

மண்டப வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். உள்ளே மெழுகிய சிவப்புச் சீமெந்துத் தரை. மூன்றரைக்குக் காட்சி. வெயில் நேரம் என்பதால் கதவையும் ஜன்னல்களையும் சாத்தித்தான் இருட்டாக்க வேண்டும். இருபது பேர் இருந்திருப்போம். என் பக்கத்தில் திலகா அக்கா, மருந்துக்கடை வைத்திருக்கிறவர். நான் கேமராவை வெளியே எடுத்ததும் தன் கதிரையை (அங்கே நாற்காலிக்கு அதுதான் பெயர்) கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, கடைசி வரிசையில் வந்து அமர்ந்த ஒருவரைக் கண்ணால் காட்டி என் காதில் சொன்னார்:

"உவர் அச்சுவேலியிலை இரும்புக்கடை வைச்சிருக்கிற குலசிங்கம். பதினைஞ்சு கிலோமீற்றர் மோட்டச்சைக்கிளிலை வருவார். வந்து பாதியிலை எழும்பிப் போவார். வீட்டையும் போகமாட்டார், படம் முடியிறவரைக்கும் வெளியிலை நிண்டுகொண்டே இருப்பார். ஏன் எண்டு நீங்களே யோசியுங்கோ."

யோசித்தேன். புலனாய்வு ஆள் என்று நினைக்கிறார்கள். இவர்கள் ஒரு வருடமாக வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான்.

படத்தின் பெயரை நம் எழுத்தில் எழுதினால் பல் உடையும், விட்டுவிடுகிறேன். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த ஓர் ஐரோப்பிய நாடு. கதாநாயகி ஒரு மொழிபெயர்ப்பாளர், அரசை எதிர்த்து ஒரு மனுவில் கையெழுத்துப் போடுகிறாள். ரகசியப் போலீஸ் அவளைக் கைது செய்வதில்லை. அவள் வேலைக்குப் போன நேரத்தில் வீட்டைத் திறந்து சின்னச் சின்னதாக எதையாவது மாற்றிவிட்டுப் போகிறார்கள். கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைக்கிறார்கள், சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டுகிறார்கள், வாசலில் கிடக்கும் காலணிகளைத் திருப்பி வைக்கிறார்கள். அவ்வளவுதான். அவள் முதலில் தன் புத்தியைச் சந்தேகிக்கிறாள், அப்புறம் தோழியை, அப்புறம் கணவனை. சாவியைக் கொடுத்தது யார் என்று கடைசிவரை அவளுக்குத் தெரிவதில்லை.

இந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆனால் நிரஞ்சினி காட்டும் முறை வேறு. சப்டைட்டில் எழுத்து ஓடவிட்டால் பலர் வாசித்து முடிப்பதற்குள் போய்விடுகிறதாம். அதனால் ஒலியைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து எல்லா வசனத்தையும் அவளே தமிழில் வாசிக்கிறாள். கணவன், மனைவி, அதிகாரி எல்லாருக்கும் அவள் குரல்தான். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு வந்தது. பிறகு விசாரணை அறைக் காட்சி. திரையில் வெள்ளைக்கார அதிகாரி நாற்காலியை இழுத்துப் போடுகிறார், நிரஞ்சினி வாசிக்கிறாள்:

"இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ? ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. சும்மா கதைக்கத்தான் கூப்பிட்டனாங்கள்."

மண்டபத்தில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு யாரும் அசையவில்லை. அந்த வசனம் இவர்களுக்குப் புதியது இல்லை என்று இருட்டிலேயே தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசைக் கதிரை காலியாக இருந்தது.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் நிரஞ்சினி, "சரி, கதைப்பம்" என்றாள். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர் நேரத்தைப் பார்த்தார். பிறகு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவள் கையில் இருந்த திறப்பை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

செருப்புகள் எல்லாம் திரும்பியிருந்தன. உள்ளே பார்க்கக் கழற்றிவிட்ட அத்தனை சோடியும் இப்போது வெளியே பார்த்தபடி வரிசையாக இருந்தன. படத்தில் பார்த்தது போலவே. ஒருவரும் காலை நீட்டவில்லை.

திலகா அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இடையிலை எழும்பிப் போனனீங்கள்தானே?"

"சத்தியமா பாத்ரூம்தான் போனேன்க்கா" என்றேன். இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கும்போது வந்த பரிதாபம் முழுக்க எனக்கே தேவைப்பட்டது.

"அந்தப் பிள்ளையை விடுங்கோ. செருப்பை நான்தான் திருப்பினனான்" என்று ஒரு குரல். வெளியே ஜன்னலடியில் குலசிங்கம் அண்ணை நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் திருப்பினனீங்கள்?" என்று கேட்டார் திலகா அக்கா.

"ஒவ்வொரு முறையும்தான் திருப்பினனான். இண்டைக்குத்தான் நீங்கள் கண்டனீங்கள்" என்றார் அவர். "பொம்மர் வந்து குண்டு போட்ட காலத்திலை, ரியூட்டரி வகுப்புக்குப் போனா செருப்பை வெளியைப் பாக்கத்தானே விடுவம். சத்தம் கேட்டா காலிலை கொழுவிக்கொண்டு பங்கருக்கு ஓடவேணும். உள்ளை பாத்துக் கிடக்கிற செருப்பைக் கண்டா என்ரை கை இன்னும் சும்மா நிக்குதில்லை."

"அப்ப ஏன் உள்ளை இருக்கிறேல்லை?"

"கதவைச் சாத்தினா எனக்கு மூச்சு முட்டும். ஒருக்கா என்னையும் சும்மா கதைக்க எண்டு கூட்டிக்கொண்டு போய் ஒரு அறையிலை வைச்சிருந்தவை. ஆர் எண்டு கேளாதேங்கோ, அந்த நாளையிலை எல்லாப் பக்கத்தாரும்தான் கூட்டிக்கொண்டு போனவை. எனக்குப் படம் எண்டா உயிர். ஏலுமானவரைக்கும் இருந்து பாப்பன். மிச்சத்தை இந்த யன்னலடியிலை நிண்டு கேப்பன். ரீச்சர் வாசிக்கிறது நல்லாக் கேக்கும்."

திலகா அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கடை ரியூட்டரியிலையும் அப்பிடித்தான் விடுவம்" என்றார். "அந்த மனிசி புருசனைச் சந்தேகப்படேக்கை எனக்கு ஆத்திரம் வந்தது. இஞ்சை பாத்தா நான் ஒரு வருசமா உங்களை..."

"எனக்குத் தெரியும்" என்றார் குலசிங்கம் அண்ணை. "நான் வந்து இருந்தாப் பிறகு ஆக்கள் கதைக்கிறேல்லை எண்டது தெரியாதே?"

பிறகு என்ன, ஒருவரும் போகவில்லை. வேப்பமரத்தடிக்குக் கதிரைகள் வந்தன, யாரோ தேத்தண்ணி வைத்தார்கள். கணவன் சாவியைக் கொடுத்திருப்பானா என்று ஒரு பக்கம் சண்டை. தன் வீட்டில் ஒரு காலத்தில் யாருடைய பெயரை உரக்கச் சொல்லக்கூடாது என்று இருந்தது என்பதை ஒருவர் சொன்னார். இருட்டும்வரை பேசினார்கள். நான் கேமராவை எடுக்கவே இல்லை. எழும்பும்போது நிரஞ்சினி அந்தத் திறப்பைக் குலசிங்கம் அண்ணையின் கையில் கொடுத்தாள். "அடுத்தமுறை ஆறரைக்கு வைப்பம். இருட்டின பிறகு கதவைச் சாத்தத் தேவையில்லை. நீங்கள் வந்து திறவுங்கோ."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பெரிய விளம்பரம் கிடையாது, அரியாலையில் விசாரித்தால் சொல்வார்கள். நீங்கள் யார், எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று முதலில் உங்களைத்தான் விசாரிப்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், அது அங்கே மரியாதை. கேமராவைப் பைக்குள்ளேயே வையுங்கள். காட்சி இனி மாலையில் என்பதால் திரும்புவதற்கு ஆட்டோவை முன்பே பேசி வையுங்கள், எனக்கு 800 ஆனது. கொசுவர்த்தி கட்டாயம். செருப்பை எந்தப் பக்கம் பார்த்து விட்டாலும் கவலை இல்லை.

மறுநாள் பலாலிக்குப் போகும் வழியில் நிரஞ்சினியிடம் கேட்டேன். குலசிங்கம் அண்ணை சொன்னதை முழுக்க நம்புகிறாயா, அதற்குள் சாவியையே கொடுத்துவிட்டாயே என்று. இந்தப் படங்களை எல்லாம் பார்த்து என் புத்தி அப்படி ஆகிவிட்டது.

அவள் வீதியைப் பார்த்தபடி சொன்னாள்: "முழுசா நம்பிறது எனக்கு இன்னும் வரேல்லை. அது வரட்டும் எண்டுதான் திறப்பைக் குடுத்தனான்."