பார்வோன் இறங்கிய குளம்

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் காயெடுக்கும் வேலுத்தாய்க்கு வேதத்தில் ஒரே கதைதான் உயிர். இஸ்ரவேலரை விரட்டி வந்த எகிப்து ராஜா பார்வோனின் கூட்டம் செங்கடலில் முங்கிச் செத்த கதை. பார்வோன் என்றாலே கங்காணி தவசியின் முகம்தான் அவளுக்குத் தெரியும். புருஷனைப் பாம்பு கடித்த அன்று, "மொதல்ல காய் மூட்டை ஏறட்டும்" என்று ஜீப்பை நிறுத்தி வைத்த பாவி. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே, கம்பமெட்டு இறக்கத்திலேயே புருஷன் உயிர் போய்விட்டது.

ஞானஸ்நானத்தன்று தோட்டத்துக் குளத்தில் நின்று போதகர் சொன்னார்: "இதுதான் நம்ம செங்கடல். அடிமையா இறங்கி விடுதலையா ஏறுறோம். நமக்குள்ள இருக்குற பழைய மனுஷன் தண்ணிக்குள்ளேயே செத்துரணும்."

வேலுத்தாய் முங்கி எழுந்து கண்ணைத் துடைத்தாள். அடுத்து வெள்ளை வேட்டியில் இறங்கி வந்தான் தவசி. அவனும் மனந்திரும்பிவிட்டானாம்!

முங்கி எழுந்தவர் அடுத்தவரைத் தாங்கிப் பிடிப்பது அந்தச் சபையின் வழக்கம். தவசி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஒரு கையை அவன் பிடரியிலும் மறு கையை நெஞ்சிலும் வைத்தாள். போதகர் ஜெபித்து அவனை அமிழ்த்தினார். குமிழிகள் வந்தன.

"போதும்மா, தூக்கு."

நெஞ்சில் வைத்த கை அழுத்தியபடியே இருந்தது.

"பழைய ஆளு இன்னும் சாகலய்யா" என்றாள் வேலுத்தாய்.