வெற்று வானத்தில் ஒரு புள்ளி

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு விடுமுறை. ஆறரைக்கு மடிக்கணினியைத் திறந்தேன். திங்களன்று ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். கடைசி நீட்டிப்பும் அன்றோடு முடிகிறது. தவறினால் பதிவு ரத்து.

முனைவர் பட்டத்துக்கான எட்டு ஆண்டுப் பகுதிநேர ஆய்வு. தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவில் உள்ள மங்கலான கருந்துளைகளிலிருந்து ரேடியோ அலை வருகிறதா என்பது கேள்வி. ரேடியோ தொலைநோக்கி எடுத்த தனிப்படத்தில் எதுவும் தெரியாது. நூற்று எழுபது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தபோது நடுவில் ஒரு புள்ளி தெரிந்தது. அந்தப் புள்ளிதான் என் ஆய்வேடு.

பின்னிணைப்புக்கு ஒரு சோதனை பாக்கி. எந்த மண்டலமும் இல்லாத வெற்று வானத் துண்டுகளை அதே எண்ணிக்கையில், அதே முறையில் அடுக்கினேன். ஒன்றும் தெரியக் கூடாது. பத்து இருபதுக்குப் படம் வந்தது. நடுவில் அதே புள்ளி.

காரணம் பிடிபட மதியமாயிற்று. அடுக்கும் முன், ஒவ்வொரு படத்திலும் நடுவை ஒட்டி எது மிகப் பிரகாசமோ அது சரியாக மையத்துக்கு வரும்படி நகர்த்தியிருந்தேன். படம் கோணலாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. எதுவும் இல்லாத இடத்தில் தற்செயலாகச் சிதறும் இரைச்சலிலும் ஏதோ ஓர் இடம் மற்றதைவிடப் பிரகாசமாகத்தான் இருக்கும். அவற்றையெல்லாம் நானே நடுவில் குவித்திருக்கிறேன். அந்த நூற்று எழுபது படங்களையும் நகர்த்தாமல் அடுக்கிப் பார்த்தேன். புள்ளி இல்லை.

ஆய்வு நெறியாளரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். இனி நீட்டிப்பு கிடையாது என்றார். "அந்தச் சோதனைய எடுத்துட்டுக் குடுத்தா யாரும் கேக்கப் போறதில்ல. முடிவு உங்களோடது."

மனைவியிடம் மாலையில் சொன்னேன். மானாம்பதியில் இருக்கும் அவள் அண்ணன் இப்போதே என்னை 'ஊசி போடாத டாக்டரு' என்றுதான் கூப்பிடுகிறார். அவள் ஆய்வேட்டுப் படத்தையும் வெற்று வானப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இத்தினி வருசமா நீங்க பாத்துக்கினு இருந்தது இன்னா?"

"இரைச்சல்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அண்ணனிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

ஞாயிறு காலை முதல் வேலையாக நெறியாளருக்கு எழுதினேன்: ஆய்வேட்டை ஒப்படைக்கப் போவதில்லை, பதிவு ரத்தாகட்டும். இரண்டு படங்களையும் ஒரே அளவில் இணைத்து அனுப்பினேன். அதன் பிறகுதான் மோட்டார் போட்டேன்.