மாலையை விழுங்கிய படகு

ஆற்றில் குப்பை அள்ளும் ரோபோ படகை ஓட்டுவது என் வேலை. ஓட்டுவது என்றாலும் அதில் ஏறி உட்கார முடியாது; ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான் இருக்கும். கரையில் நின்று வழியைக் குறித்துவிட்டால் தானாகவே போய், மிதப்பதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பும். தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்றும் என் திரையில் காட்டும்.

புலாவ் செபாங் ஊர்ப் பக்கம் ஆற்றின் ஒரு வளைவை எனக்குப் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் காலை படகை விட்டுவிட்டு, லோரியிலிருந்து மாற்று பேட்டரியை இறக்கிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு அப்பாலிருந்து கூச்சல் கேட்டது. ஓடினேன்.

ஒரு குடும்பம் கருமாதி செய்துகொண்டிருந்தது. அப்போதுதான் அஸ்தியைக் கரைத்து, மாலையையும் பிண்டம் வைத்த இலையையும் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள். என் படகு நேராக வந்து அத்தனையையும் விழுங்கிவிட்டது. இடுப்பளவு நீரில் நின்ற மகன், அதை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாக்கா இது? எங்கப்பா மாலைக்கா! குப்பையா அது?"

படகைக் கரைக்குக் கொண்டுவந்து அதன் குப்பைக் கூடையைத் திறந்தேன். தண்ணீர் போத்தல்கள், பிளாஸ்டிக் பைகள், ஊறிப்போன டயப்பர், பிண்டம் கரைந்து கிழிந்த இலை. நடுவே செவ்வந்தி மாலை. அதை மட்டும் எடுத்துக் கழுவி, அவன் அம்மாவிடம் நீட்டினேன்.

"மன்னிச்சிருங்கம்மா. நானே திரும்ப விட்டுர்றேன்."

அவர் மாலையை வாங்கவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு லீவு நாள்ல இங்கதான் தூண்டி போடுவாரு. மீனு கொஞ்சம், பிளாஸ்டிக்கு கொஞ்சம்னு தூக்கிக்கிட்டு வருவாரு. 'எவன்டா ஆத்துல போடுறான்'னு வீடு வரைக்கும் ஏசிக்கிட்டே வருவாரு."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மகனைக் கூப்பிட்டார். "நூலு, ஜிகினால்லாம் பிச்சிரு. பூவ மட்டும் விடுய்யா. அப்பாவுக்கு அது போதும்லா."

மகனும் நானும் புல்லில் உட்கார்ந்து பூக்களை உதிர்த்தோம். முதலில் அவன் என்னைப் பார்க்கவேயில்லை. பாதி மாலை தீர்ந்த பிறகு, "இந்த மிஷின் தினம் வருமாக்கா?" என்றான். பூவெல்லாம் நீரோடு போய் மறைந்த பிறகு, அவர்கள் புறப்படும் முன், கூடையை மாட்டிப் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டதும் அவன்தான்.

அன்றே என் சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த வளைவில் காலை வேளையில் படகு விடுவதில்லை என்று முடிவாயிற்று. இப்போது மத்தியானத்துக்கு மேல்தான் அங்கே போகிறேன். கரையில் யாராவது நின்றால், அவர்கள் போகும்வரை லோரியை விட்டு இறங்காமல் காத்திருக்கிறேன்.